நாய்க்குக் காட்டும் கருணையை மனிதருக்கும் காட்டச் சொல்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையில் சில வாரங்களாகக் கருணைக் கொலை பற்றி வாசகர்கள் எழுதி வருகிறார்கள். ஒரு கேள்வி அதில் திரும்பத் திரும்ப வருகிறது. "தீராத வருத்தத்தில் கிடக்கும் வீட்டு நாய்க்கு மிருக வைத்தியரைக் கூப்பிட்டு ஊசி போட்டு நிம்மதியாக அனுப்பி வைக்கிறோம். பெற்ற தாயை மட்டும் ஏன் மாதக்கணக்கில் துடிக்க விடுகிறோம்?" கேட்டவுடன் நெஞ்சில் தைக்கும் கேள்விதான். நான் திருகோணமலை மாவட்டத்தில் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். தம்பலகாமம், மூதூர், குச்சவெளிப் பக்கமெல்லாம் மிருக வைத்தியர்களோடு போய், அவர்கள் ஊசி போடும்போது மிருகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன். பிறகு என் சொந்த அக்காவைப் புற்றுநோயோடு வீட்டில் வைத்துப் பார்த்தேன். இரண்டையும் கிட்ட நின்று கண்டதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஊசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முறையாகச் செய்தால் அது கொடூரமான காரியம் இல்லை. மிருகம் பதறாமல் இருக்க முதலில் மயக்க மருந்து கொடுப்பார்கள். அது படுத்து ஆறின பிறகு இரத்த நாளத்தில் பார்பிட்டியூரேட் என்ற மயக்க மருந்து வகை, சாதாரண மயக்கத்துக்குக் கொடுப்பதை விட மிகக் கூடுதலான அளவில். நினைவு போகும், மூச்சு நிற்கும், கடைசியாக இதயம் நிற்கும். சொந்தக்காரர் தலையைத் தடவிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் முடிந்துவிடும். சுவிட்சர்லாந்தில் தாங்களே சாகத் தீர்மானித்தவர்கள் தங்கள் கையால் எடுத்துக் குடிக்கும் பென்டோபார்பிட்டலும் இதே குடும்பத்து மருந்துதான். பல நாடுகளில் மிருக வைத்தியர்கள் பாவிப்பதும் அதையேதான். ஆகவே மருந்தைப் பொறுத்தவரை நாய்க்கும் மனிதருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதை யார் கேட்கிறார், வேறு என்னென்ன செய்து பார்த்த பிறகு கேட்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

எங்களிடம் ஊசி கேட்டு வந்தவர்கள் எல்லாரும் கருணையால் வந்தவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி வந்தவர்களும் உண்டு. டிஸ்டெம்பர் என்ற நாய்த் தொற்று வருத்தம் மூளைக்கு ஏறி, வலிப்பு விடாமல் வந்து, தன் நாக்கைத் தானே கடித்துக் கிழித்துக்கொண்ட நாயைச் சாக்கில் போட்டுத் தூக்கி வந்த ஒரு பள்ளிக்கூடப் பையனை நான் மறக்க மாட்டேன். அந்த நாய்க்கு வைத்தியர் செய்தது நல்ல காரியம். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமே இல்லை. ஆனால் முதுகில் புழு வைத்த புண்ணோடு ஒரு நாயைக் கொண்டுவந்து, "மணம் தாங்க முடியேல்லை, ஊசியைப் போட்டு விடுங்கோ" என்றவரும் உண்டு. புண்ணைக் கழுவிப் புழு எடுத்து மருந்து போட்டோம், அது பிழைத்தது. வருத்தமே இல்லாத ஒரு நல்ல நாயைக் கழுத்தில் புதுச் சங்கிலியோடு கூட்டி வந்து, "கனடா விசா வந்திட்டுது, இதைப் பார்க்க ஆள் இல்லை" என்று சொன்ன குடும்பமும் உண்டு. வைத்தியர் முடியாது என்று திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு அந்த நாய் கட்டாக்காலியாகக் கடற்கரைப் பக்கம் திரிந்ததைக் கண்டேன்.

இன்னொரு வகையும் இருக்கிறது, அதுதான் எனக்கு அதிகம் நோகிறது. வாகனம் அடித்து இடுப்பெலும்பு உடைந்த நாய். சொந்தக்காரர் கடல்தொழிலாளி. பேராதனையில் உள்ள பெரிய மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் எலும்பைப் பொருத்திப் பார்க்கலாம் என்று வைத்தியர் சொன்னார். வாகனக் கூலியைக் கேட்டதும் அந்த மனிதர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப ஊசியைப் போடுங்கோ ஐயா" என்றார். பேப்பரில் அதுவும் கருணை என்றுதான் பதியப்படும். அவரை நான் குறை சொல்லவில்லை, அவர் அழுதுகொண்டுதான் போனார். ஆனால் அந்த நாய் செத்தது வருத்தம் தீராது என்பதால் இல்லை, பேராதனை தூரம் என்பதால்.

நாய்க்குக் கொடுப்பதை மனிதருக்கும் கொடுங்கள் என்று எழுதுகிறவர்கள், அந்தப் பள்ளிக்கூடப் பையனின் நாயைத்தான் மனதில் வைத்து எழுதுகிறார்கள். சட்டம் வந்தால் அதன் கீழே மற்ற மூன்று வகையும் சேர்ந்து வரும். மணம் தாங்க முடியாத வீடு, விசா வந்த வீடு, வாகனக் கூலிக்கு வழி இல்லாத வீடு. இந்த மாவட்டத்தில் வயதான தாய் தகப்பனைத் தனியே விட்டுப் பிள்ளைகள் எல்லாம் டொரண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் வீடுகள் எத்தனை என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தக் கேள்வி இன்றைக்குப் புதிதாக வந்ததும் இல்லை. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி உறுப்புக் கெட்டு, படுக்கைப் புண்ணோடு, தீரா வேதனையில் கிடந்தது. இனிக் காப்பாற்ற முடியாது என்று வைத்தியர் சொன்ன பிறகு, ஆசிரமத்தாரோடு பேசி, காந்தி அதற்கு நச்சு ஊசி போடச் செய்தார். அவரும் பக்கத்தில் நின்றார். அகிம்சை பேசியவர் பசுக்கன்றைக் கொன்றாரா என்று நாடே கொதித்தது, கோபமான கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் ஒளிக்கவில்லை, தன் பத்திரிகைகளான நவஜீவனிலும் யங் இந்தியாவிலும் அதை எழுதினார். மனிதருக்கும் அப்படிச் செய்வீரா என்ற கேள்வியையும் தானே எடுத்துப் பதில் சொன்னார். கொள்கையளவில் ஆம், எந்த உதவியும் செய்ய முடியாமல், பிழைக்கவும் வழி இல்லாமல், நினைவு தப்பி, கடும் வேதனையில் ஒருவர் கிடந்தால் அதில் இம்சை இல்லை என்றார். ஆனால் நடைமுறையில் நம் அன்பானவர்களுக்கு நாம் அப்படிச் செய்வதில்லை என்று சொல்லி இரண்டு காரணம் தந்தார். அவர்களுக்கு உதவி செய்ய நம்மிடம் பெரும்பாலும் வழி இருக்கிறது. அவர்களால் யோசித்துத் தாங்களே முடிவெடுக்க முடியும்.

இந்த இரண்டு காரணங்களையும் திருகோணமலையில் வைத்துப் பார்க்கிறேன். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

முதலாவது, உதவி செய்ய வழி. என் அக்காவுக்கு மார்பில் தொடங்கிய புற்றுநோய் முள்ளந்தண்டு எலும்புக்குப் பரவிவிட்டது. மகரகம புற்றுநோய் வைத்தியசாலை வரைக்கும் போய் வந்தோம். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். வீட்டில் எங்களிடம் இருந்தது பரசிட்டமோல் குளுசையும் தடவுகிற எண்ணெயும். அந்த நாட்களில் எங்கள் வீட்டுக் கிழட்டு நாய் வீமனுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, சாப்பாடு விட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ஊசி போட வேண்டி வந்தது. அக்கா கட்டிலில் இருந்தபடியே யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவு என்னைக் கூப்பிட்டு, "தம்பி, வீமனுக்குப் போட்ட ஊசியை எனக்கும் போடச் சொல்லு" என்றார். பக்கத்தில் நின்ற பெண்கள் "சிவசிவா, என்ன கதை இது" என்று வாயைப் பொத்தினார்கள். நான் "எங்க நோகுது அக்கா, எப்பிடி நோகுது?" என்று கேட்டேன். மாடு நொண்டினால்கூட எந்தக் காலில் நோவு என்று தடவிப் பார்த்துப் பழகின ஆள் நான். இரவில் திரும்பிப் படுக்கும்போது எலும்பு உடைவது போல இருக்கிறது, அந்தப் பயத்தில் நித்திரையே கொள்வதில்லை என்றார்.

அடுத்த கிழமை ஒரு வைத்தியர் மோர்பின் குளுசை எழுதித் தந்தார். நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நோவு வந்தாலும் வராவிட்டாலும் நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றார். மலச்சிக்கல் கட்டாயம் வரும் என்று அதற்கும் சேர்த்து மருந்து. சொந்தக்காரர் ஒருவர் "போதைக்குப் பழகிவிடுவார்" என்று தடுக்கப் பார்த்தார். சாகக் கிடக்கும் மனுசி எதற்குப் பழகினால் என்ன? அதை விட, முறையாகக் கொடுத்தால் அப்படி அடிமையாவது அரிது என்பதை அந்த வைத்தியரே விளக்கினார். அக்கா நித்திரை கொண்டார். விடிய எழும்பிக் கொடுவா மீன் சொதி கேட்டார். அதற்குப் பிறகு இருந்த காலத்தில் பேரப்பிள்ளைகளோடு தொலைபேசியில் கதைத்தார், ஆடி அமாவாசைக்குத் தம்பலகாமத்து உறவினர் வந்தபோது எழுந்து இருந்து சிரித்தார். ஊசிப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. அவர் கேட்டது சாவையா, நித்திரையையா என்று யாராவது உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். எத்தனை வீடுகளில் கேட்கிறார்கள்?

இது பெரிய கண்டுபிடிப்பும் இல்லை. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார், தாதியாகத் தொடங்கிப் பிறகு வைத்தியரானவர், 1967இலேயே சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கென்று ஒரு இல்லம் திறந்து, நோவு திரும்பி வரும் முன்னமே நேரத்துக்கு மோர்பின் கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். உலக சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கான வழிகாட்டியை வெளியிட்டது. வாயால் கொடு, நேரம் பார்த்துக் கொடு என்பது அதன் சாரம். ஆனால் இன்றும் ஆண்டுதோறும் இப்படிப்பட்ட பராமரிப்புத் தேவைப்படும் 5 கோடி 68 லட்சம் பேரில் 14 சதவீதத்தினருக்கு மட்டுமே அது கிடைக்கிறது என்று அதே நிறுவனம் கணக்குச் சொல்கிறது. மற்றவர்கள் எங்கள் அக்கா போல யன்னலால் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள்.

பணக்கார நாட்டுக் கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டொக்டர் ராஜகோபாலும் கூட்டாளிகளும் சிறிதாகத் தொடங்கியது, பிறகு ஊர் ஊராகப் பரவியது. அயலவர்கள் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள், தாதியர் வீட்டுக்குப் போய்ப் புண் கட்டினார்கள், 2008இல் மாநில அரசே அதைக் கொள்கையாக ஏற்றுப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் சேர்த்தது. எங்கள் மாவட்டத்து வெருகலை விட அங்குள்ள மலைக் கிராமங்கள் போக வசதியானவை என்று நான் நினைக்கவில்லை.

எல்லா நோவும் மோர்பினுக்கு அடங்கும் என்று நான் சொல்ல வரவில்லை. சில புற்றுநோய்கள் முகத்தைத் தின்னும், சில மூச்சை அடைக்கும், சில நரம்பு வருத்தங்களில் உடல் முழுக்கச் செத்த பிறகும் மூளை தெளிவாக இருக்கும். நெதர்லாந்தில் 2002 முதல் இருக்கும் சட்டம் அப்படிப்பட்டவர்களுக்காகத்தான். நோயாளி தானே, நன்றாக யோசித்து, தன் விருப்பத்தில் கேட்க வேண்டும். தாங்க முடியாத, தீர வழியில்லாத துன்பமாக இருக்க வேண்டும். சம்பந்தப்படாத இன்னொரு வைத்தியர் பார்க்க வேண்டும். அங்கே இதில் பெரும்பாலும் ஈடுபடுபவர் அந்தக் குடும்பத்தை வருடக்கணக்காக அறிந்த வைத்தியர். எல்லாம் செய்து பார்த்து, நோவுக்கு மருந்தும் கையில் இருந்து, பணத்துக்கும் பிள்ளைகளுக்கும் பயப்படாமல் ஒரு மனிதர் "போதும்" என்று சொன்னால், அவரைப் பாவி என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் கோயில் ஐயரும் எதிர் வீட்டு மௌலவியும் இதில் என்னோடு உடன்பட மாட்டார்கள் என்பது தெரியும், அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் நெதர்லாந்தின் கடைசிப் படியை மட்டும் இங்கே கொண்டுவந்து வைத்து, கீழே உள்ள படிகளை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் பயம்.

இரண்டாவது காரணம், தாங்களே முடிவெடுக்க முடியும் என்பது. நாயை விட மனிதருக்கு உள்ள பெரிய பலமே அதுதான், அவர் வாய் திறந்து சொல்லலாம். அந்த வாயை நாங்களே அடைத்து வைக்கிறோம். வருத்தம் என்ன என்று வைத்தியர் சொல்லத் தொடங்கும் முன்னமே மகன் வெளியே கூட்டிப்போய், "அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ டொக்டர், தாங்க மாட்டா" என்பார். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அக்காவுக்குத் தெரியும், தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும், ஆனாலும் "வாய்வு, வாய்வு" என்று மாதக்கணக்கில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் மட்டும் ஒருநாள், "மூச்சுத் திணறினால் என்னை ஆஸ்பத்திரிக்கு ஏத்தாதே, குழாய் வைக்க விடாதே, இந்தக் கட்டில்ல விடு" என்றார். மூச்சுத் திணறிய இரவில் வெளிநாட்டில் இருந்த மகன்கள் வீடியோ அழைப்பில் வந்தார்கள். "செய்ய முடிந்ததை எல்லாம் செய்யச் சொல்லுங்கோ" என்று அழுதார்கள். அக்கா சொன்னதை நான் சொன்னேன். ஒரு தம்பியின் வாய்ப்பேச்சுக்கு, பெற்ற பிள்ளைகளுக்கு முன்னால், எந்த வைத்தியசாலையிலும் பெறுமதி கிடையாது. தொண்டைக்குள் குழாயோடும், குழாயை இழுக்காமல் இருக்கக் கட்டிய கைகளோடும்தான் அவருடைய கடைசி நாட்கள் போயின. மகன்களின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. அங்கே அக்காவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். வீமனிடமும் நாங்கள் கேட்கவில்லை, அதற்குப் பேசத் தெரியாது. அக்காவுக்குப் பேசத் தெரியும்.

பழந்தமிழர் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் இருந்து, உயிர் விட்டார்களே என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சோழ மன்னன் கோப்பெருஞ்சோழன் தானே தீர்மானித்து, ஊரறிய உட்கார்ந்தான். அவன் நண்பரான புலவர் பிசிராந்தையாரும் தானே வந்து உட்கார்ந்தார். அதே தமிழ் நிலத்தில், விருதுநகர் போன்ற தென்மாவட்டங்களில், படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்துக் கதையை முடிக்கும் தலைக்கூத்தல் என்ற வழக்கமும் இருக்கிறது. அங்கே முடிவெடுப்பவர்கள் சுற்றி நிற்பவர்கள். இரண்டையும் ஒரே பெயரில் பேசக் கூடாது.

இந்தியாவில் இதை நீதிமன்றம் வரை கொண்டுபோய் ஓரளவு தெளிவாக்கிவிட்டார்கள். மும்பையில் 1973இல் தாக்கப்பட்டு நினைவிழந்த தாதி அருணா ஷான்பாக்கை, அவர் வேலை செய்த வைத்தியசாலையின் தாதியர் 2015இல் அவர் இறக்கும் வரை பார்த்தார்கள். அவரைச் சாக விடும்படி இன்னொருவர் கேட்டபோது, பார்க்கிறவர்கள் வேண்டாம் என்கிறார்கள் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அதே தீர்ப்பில், உயிர்காக்கும் கருவிகளை விலக்குவதற்கு ஒரு வழியையும் வகுத்தது. 2018இல், சுயநினைவோடு இருக்கும்போதே "எனக்கு இந்தக் கருவி வேண்டாம்" என்று ஒருவர் எழுதி வைக்கும் உரிமையை அரசியலமைப்புச் சட்ட அமர்வு ஏற்றது. நச்சு ஊசியை அது அனுமதிக்கவில்லை. இலங்கையில் தற்கொலை முயற்சி குற்றம் என்ற பிரிவை 1998இல் எடுத்துவிட்டோம், ஆனால் என் அக்கா போன்றவர் எழுதி வைத்துவிட்டு நிம்மதியாகக் கண் மூட, வைத்தியரும் பயமில்லாமல் அதை மதிக்க, ஒரு தெளிவான சட்டம் வேண்டும். முதலில் அதைக் கேளுங்கள். ஊசியைப் பற்றிப் பிறகு வாதாடலாம்.

மிருகங்கள் விடயத்தில் எங்கள் பிழை நேர் எதிரானது. பிரெட்றிக் கோட்டைக்குள்ளும் நகருக்குள்ளும் திரியும் புள்ளிமான்களுக்கு வழிபோகிறவர்கள் எல்லாரும் பழம் கொடுக்கிறோம், அவை பொலித்தீனையும் சேர்த்துத் தின்கின்றன. வாகனம் அடித்து இடுப்பு நொருங்கிய மானைச் சுற்றி நின்று தண்ணீர் தெளிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். யாராவது "இதற்கு ஊசி போட ஏற்பாடு செய்யுங்கள்" என்றால், கோணேசர் மலை அடிவாரத்தில் இப்படிப் பேசலாமா என்று சண்டைக்கு வருவார்கள். பன்றிக்கு வைத்த வெடியைக் கடித்துத் தாடை சிதறிய யானை, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் குளத்தங்கரையில் நின்று சாகிறது. யுத்த காலத்தில் மிதிவெடியில் கால் போன பட்டி மாடுகளையும் அப்படிப் பார்த்தேன். கொல்ல மனம் இல்லை என்று சொல்லி நாங்கள் வீட்டுக்குப் போய்விடுகிறோம், அந்த உயிர் அங்கேயே கிடக்கிறது. பேசத் தெரியாத, தேற்ற முடியாத, சொல்லி விளங்கப்படுத்த முடியாத உயிருக்கு நாளை என்ற நம்பிக்கை கிடையாது. அதற்கு இன்றைய நோவு மட்டும்தான் இருக்கிறது. தீராது என்று மிருக வைத்தியர் சொன்னால் அதைத் தாமதப்படுத்துவதில் எந்தப் புண்ணியமும் இல்லை. வருத்தமில்லாத நாயை விசாவுக்காகக் கொல்லக் கேட்பதிலும் எந்தக் கருணையும் இல்லை. இந்த நாட்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907இல் வந்தது, அதற்குப் பிறகு எவ்வளவோ காலம் போய்விட்டது. புதிய சட்டம் எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் அதில் சேர்க்க வேண்டும்.

எனவே இந்த மாவட்டத்துக்கு நான் கேட்பது பெரிய விடயம் இல்லை. வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும் கோமரங்கடவலயிலும் ஒரு புற்றுநோயாளி மோர்பின் குளுசைக்காகப் பஸ் ஏறி நகரத்துக்கு வரக் கூடாது. அவரால் வர முடியாது, வீட்டில் ஒருவர் வேலையை விட்டு வர வேண்டும். கிழமைக்கு ஒருமுறை ஒரு தாதி, ஒரு வைத்தியர், ஒரு வாகனம், வீடு வீடாகப் போனால் போதும். எங்கே நோகிறது என்று கேட்கவும், தன் வருத்தம் என்னவென்று அறிய விருப்பமா என்று நோயாளியிடமே கேட்கவும் அவர்களுக்கு நேரம் இருக்க வேண்டும். உவர்மலையிலும் பாலையூற்றிலும் ஓய்வுபெற்ற தாதியர் பலர் இருக்கிறார்கள், சிலரோடு பேசியும் இருக்கிறேன், வரத் தயாராக இருக்கிறார்கள். மாகாண சுகாதார அதிகாரிகள் அனுமதியும் மருந்தும் தந்தால் வாகனம் ஓட்ட நான் தயார். சேர விரும்புகிறவர்கள் ஆசிரியர் ஊடாக எனக்கு எழுதலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.